கருப்பு வீட்டின் ஆசிரியர்

மேற்கு வங்காளத்துச் சாந்திநிகேதனில் கருப்பு நிறத்தில் ஒரு மண்வீடு உள்ளது. அதன் சுவர்களில் மனிதரும் விலங்குகளும் புடைப்புச் சிற்பங்களாகக் காட்சியளிக்கின்றனர். கலாபவனம் என்னும் கலைப்பள்ளியின் மாணவர்கள் 1930களில் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து மண்ணைக் குழைத்து அவ்வுருவங்களை அமைத்தனர். மழையினின்று காக்கத் தாரும் பூசினர். அப்பள்ளியின் தலைவராக இருந்தவர் நந்தலால் போஸ்.

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பீகாரின் முங்கேர் பகுதியிலுள்ள கரக்பூரில் பிறந்தார். தந்தையின் பணி காரணமாக அங்கு வாழ்ந்த வங்காளிக் குடும்பம் அது. வீட்டில் பேசியது ஒரு மொழி. தெருவில் கேட்டது வேறொரு மொழி. தாய் தம் கையாலேயே பொம்மைகள் செய்து மகனுக்குக் கொடுப்பார். ஊர்க் குயவர்கள் வேலை செய்வதைப் பார்த்துச் சிறுவனும் மண்ணில் உருவங்கள் செய்யத் தொடங்கினான்.

மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்றவர் கல்லூரித் தேர்வுகளில் தேறவில்லை. ஒருமுறை அன்று, பலமுறை. பட்டமும் உத்தியோகமுமே பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில் அது எளிய துன்பமன்று. ஆயினும் ஓவியம் கற்க வீட்டாரின் இசைவைப் பெற்று, அரசு கலைப்பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதன் வந்து, 1922இல் கலாபவனத்தின் தலைமையை ஏற்றார்.

அங்கு வகுப்பு நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை. மாணவர்களைச் சந்தால் சிற்றூர்களுக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்வார். அவர்கள் வரைய, தாமும் சிறு அட்டைகளில் வரைவார். சுவரோவிய நுட்பம் அறிய ஜெய்ப்பூரிலிருந்து கைவினைஞர் ஒருவர் வரவழைக்கப்பட்டபோது, மாணவர்களோடு நந்தலாலும் அவரிடம் பாடம் கேட்டார். தலைவர் என்ற பதவி அதற்குத் தடையாகவில்லை.

1938இல் குஜராத்தின் ஹரிபுரா என்னும் சிற்றூரில் காங்கிரஸ் மாநாடு கூடியது. ஓவியங்களை ஊர்மக்கள் நடக்கும் வழியிலேயே காணவேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். அதனால் உழவர், தையற்காரர், பஞ்சு அடிப்பவர், பறை முழக்குபவர் எனச் சிற்றூர் வாழ்க்கையையே நந்தலால் தாள்களில் தீட்டினார். 80க்கும் மேற்பட்டவை அவர் கைவண்ணம். அவற்றைப் பார்த்து மாணவர்கள் படிகள் எழுத, ஏறத்தாழ 400 ஓவியங்கள் மாநாட்டு வாயில்களையும் பந்தல்களையும் அணிசெய்தன. அருங்காட்சியகத்தைக் கண்டிராத உழவரும் தம்மைப் போன்றவரை அவ்வோவியங்களில் கண்டனர்.

கலையை விருப்பமுள்ள சிலருக்கு மட்டும் உரியதாகப் பள்ளிகள் ஒதுக்குவதை நந்தலால் ஏற்கவில்லை. வகுப்பறையில் நல்ல ஓவியங்கள் வேண்டும். ஆசிரியரே மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். மரத்தையும் வானையும் பருவத்தையும் உற்றுநோக்கப் பழக்கவேண்டும். இவற்றைக் கட்டுரையாகவும் எழுதினார்.

இந்திய அரசியலமைப்பின் மூலப்படியை அணிசெய்யும் பணி வந்தபோதும் மாணவர்களைத் துணைகொண்டார். முகவுரைப் பக்கத்தின் அழகிய வேலைப்பாடு ராம்மனோகர் சின்ஹா என்னும் மாணவருடையது.

1966இல் நந்தலால் மறைந்தார். அவர் பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் கலாபவனத்தில் நந்தன் மேளா நடைபெறுகிறது. மாணவரும் ஆசிரியரும் தாம் செய்த பொருள்களைக் கடை பரப்பி விற்கின்றனர். அவ்வருவாய் உதவி வேண்டும் மாணவர்களுக்குச் செல்கிறது.