மானிப்பாய் மருத்துவர் கிரீன்

யாழ்ப்பாண நகருக்கு அருகில் மானிப்பாய் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனை ஓர் அமெரிக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியவர். அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அப்பெரியாரின் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் என்னும் நகரில் பிறந்தார். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவாக முன்னின்று உழைத்த ஆண்ட்ரு கிரீன் இவருடைய தமையனார். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அந்த மாநகரிலேயே தொழில் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனைச் சேர்ந்து, 1847இல் கடல் கடந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தார். சமயம் பரப்புவதும் அவர் வருகையின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தவரல்லர். ஆயினும், அவர் செய்த பணியின் பயன் சமய எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை.

1848இல் மானிப்பாயில் தங்கி நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். சுற்றுப்புறக் கிராமங்களுக்கெல்லாம் மேலைநாட்டு மருத்துவம் அறிந்தவர் அவர் ஒருவரே என்ற நிலை. ஒருவர் இரவு பகலாகப் பாடுபட்டாலும் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்? ஆகவே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். தாமும் தமிழை முறையாகக் கற்றுக்கொண்டார். மாணவர்கள் தம்மைப்போல் கோட்டும் சட்டையும் அணிய வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. அவர்கள் தங்கள் உடையிலும் உணவிலும் தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்றே விரும்பினார்.

1857இல் தாயகம் சென்ற கிரீன், 1862இல் மணம் புரிந்து மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். அதன்பிறகு அவர் செய்த ஒரு காரியமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அதுவரை பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. அப்படிப் படித்தவர்கள் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட்டார்கள். எந்தக் கிராமத்துக்காக அவர்களைத் தயார் செய்தாரோ, அந்தக் கிராமம் மருத்துவரின்றியே இருந்தது. கிரீன் மாணவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பயிற்று மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் மக்களிடையே இருந்து தொழில் செய்வார் என்பது அவர் கணக்கு. அவருடைய காலத்தில் இரு மொழிகளிலுமாக 60க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். வாந்திபேதி பரவிய நாட்களில் கிராமங்களில் நின்று பணியாற்றியவர்களும் அவர்களே.

பயிற்று மொழியை மாற்றினால் போதுமா? புத்தகம் வேண்டாமா? உடலியல் நூல் ஒன்றை 1852லேயே அவர் தமிழில் கொண்டுவந்திருந்தார். பின்னர் 1867இல் அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’, 1872இல் உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியவை வெளிவந்தன. மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிரீன் வரி வரியாகச் சரிபார்ப்பார். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லையென்றால் வடமொழியை நாடினார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அது அச்சானது நம் நாகர்கோவிலில்! அவர் வழங்கிய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. ‘அங்காதிபாதம்’ போய் ‘உடற்கூறியல்’ வந்துவிட்டது. ஆனால் சொல் கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று அவர் கைகட்டி இருந்துவிடவில்லை.

1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். அங்கேயும் தமிழ் நூல்களைத் திருத்தும் வேலை நிற்கவில்லை. அவருடைய ‘மனுஷ சுகரணம்’ என்னும் உடலியல் நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28இல், ஊஸ்டரில் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது.

நான் பள்ளியில் தமிழில் படித்து, இங்கு ஆங்கிலத்தில் வேதியியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மருத்துவர் எழுதித் தரும் சீட்டை அம்மா என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். மருந்தின் பெயரைப் படித்துவிடுவேன். அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே சொல் தட்டுப்படும். வகுப்பில் மதிப்பெண் வாங்கித் தருகிற அறிவு வீட்டுத் திண்ணையில் உதவாமல் போகிறது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும். வேலை தேடி வெளியூர் போவதும் குற்றமன்று. நம்மை எதிர்பார்த்துக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் படித்ததை நம் ஊராருக்குச் சொல்லத் தெரியாமல் பட்டம் மட்டும் வாங்கிச் செல்வோமானால், கிரீன் கண்ட குறை நம்மோடும் தொடரும். ஆகவே நண்பர்களே, அன்றன்று படிக்கும் பாடத்தில் ஒரு பகுதியையாவது வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். பேராசிரியப் பெருமக்களும் வகுப்பில் அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். அயலார் ஒருவர் நம் மொழியில் நம்பிக்கை வைத்து அத்தனை நூல்களை ஆக்கிச் சென்றார். அந்த நம்பிக்கை நமக்கும் வேண்டும்.