சிரிக்க வைத்தவரைச் சிறையிலே கண்ட நாடு

ஒரு நடிகர் மீது வழக்கு என்று காலையிலே செய்தி வருகிறது. மாலைக்குள் தீர்ப்பும் வந்துவிடுகிறது! நீதிமன்றத்திலிருந்து அல்ல, தேநீர்க் கடையிலிருந்து, திண்ணையிலிருந்து, இப்போது கைப்பேசியிலிருந்து. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, எதிர்வாதம் இல்லை. தண்டனை மட்டும் தயாராக இருக்கிறது. இந்தக் காலத்து இளைஞர்கள்தான் கெட்டுவிட்டார்கள், இந்தக் கருவிதான் அவர்களைக் கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்கள் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கைப்பேசி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நோய் இருந்தது என்பது விளங்கும்.

1908 நவம்பர் 29-ல், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியிலே பிறந்தவர் கிருஷ்ணன். ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. டென்னிஸ் ஆடுமிடத்திலே பந்து பொறுக்கினார். நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றார். விற்க வந்த பையனின் கண் மேடையை விட்டு அகலவில்லை! வில்லுப்பாட்டு அவர் பிறந்த மண்ணின் சொத்து. அது அவருக்கும் வசமாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையிலே சேர்ந்தார். பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பை நாடகமேடை கொடுத்தது.

1935-ல் 'மேனகா', 1936-ல் 'சதி லீலாவதி' என்று படவுலகம் அவரை அழைத்துக்கொண்டது. 'வசந்தசேனா' படத்தின்போது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார், வாழ்க்கையிலும் திரையிலும் இணைந்தார்கள். அன்று படத்திலே நகைச்சுவை என்றால், கதைக்கு நடுவே வந்து குதித்துவிட்டுப் போகும் கோமாளிக் கூத்து. கிருஷ்ணன் அதை ஒரு தனித் தொழிலாகவே உயர்த்தினார். தமக்கென ஒரு குழு வைத்தார். தம் பகுதிக்குத் தாமே கதை கட்டினார், வசனம் அமைத்தார், பாட்டு சேர்த்தார். மூடப்பழக்கத்தைக் கிண்டல் செய்தார். அதை நம்பியவனைக் காயப்படுத்தவில்லை. இடித்துரைக்கப்பட்டவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவருடைய ஆற்றல்.

புகழ் வளர்ந்தது. 1944 தீபாவளியில், எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளிவந்தது. அதிலே கிருஷ்ணனும் மதுரமும் இருந்தனர். சென்னை பிராட்வே கொட்டகையிலே அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதிலே பாடியவரும் சிரிக்க வைத்தவரும் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்கள்! பாட்டுக்குக் கைதட்டிவிட்டு வெளியே வந்து, பாடியவரைத் தூக்கில் போடுவார்களா, தீவாந்தரம் அனுப்புவார்களா என்று பேசிக்கொண்டு நடந்தது கூட்டம்.

எப்படி வந்தது இந்த வினை? லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற ஏட்டை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. யார் வீட்டுக் கதவு எந்த நேரத்தில் திறந்தது என்பதுதான் அதன் ஆராய்ச்சி. தம் பெயர் வராமலிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று அன்று பேசப்பட்டது. பாகவதரும், கிருஷ்ணனும், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். ஏட்டின் உரிமம் ரத்தாயிற்று. அவரோ 'இந்து நேசன்' என்ற வேறு ஏட்டின் மூலம் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ல், வேப்பேரியிலே ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையிலே உயிர் பிரிந்தது. அவர் எழுதியது எவ்வளவு இழிவாக இருந்தாலும், அதற்குப் பதில் கத்தி அல்ல. பேனா தவறு செய்தால் அதைத் திருத்தச் சட்டம் இருக்கிறது, மக்களின் புறக்கணிப்பு இருக்கிறது. அந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்க எவருக்கும் உரிமை இல்லை.

டிசம்பரிலே பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கிலே சேர்க்கப்பட்டார். கொலைச் சிந்து பாடிக் காலணா, அரையணாவுக்கு விற்ற காலம் அது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உணவுக்கும் துணிக்கும் பங்கீடு. ஆனாலும் வீட்டுக்கு வீடு பேச்சு இந்த வழக்குதான். 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். ஜூரர்களின் முடிவுப்படி பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்திலே செய்துகொண்ட அப்பீல் தள்ளுபடியாயிற்று. வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அங்கே, மறுபடியும் விசாரிக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

சிறையிலே கழிந்தவை ஏறத்தாழ முப்பது மாதங்கள்! நீதிமன்றம் விடுதலையைத் தரலாம். அந்த முப்பது மாதங்களைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தால் முடியும்?

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'சினிமா தூது' காற்றிலே பிறந்ததல்ல. அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். பகலிலே ஏசிவிட்டு இரவிலே படித்தவர்கள் இருந்தார்கள். தாம் படித்த பிறகு அடுத்த வீட்டுக்கும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கடைக்கு முதலாளி ஒருவர். முதல் போட்டவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள்! கொலை நடந்த பிறகு அதே ஆவல் வேறு பக்கம் திரும்பிற்று. நேற்று நடிகரின் படுக்கையறையை எட்டிப் பார்த்த கண், இன்று அவருடைய சிறை அறையை எட்டிப் பார்த்தது. பண்டம்தான் மாறியது, பசி மாறவில்லை.

இதிலே மறைந்துபோனது இன்னொன்று. குத்தியது யார், குத்தச் சொன்னது யார்? ஐயத்துக்கு இடமின்றி அந்த உண்மை இன்றுவரை வெளிப்படவில்லை. நட்சத்திரங்களின் மீதே எல்லோருடைய பார்வையும் நிலைத்துவிட்டது. செத்தவனுக்குக் கிடைக்கவேண்டிய நீதியைப் பற்றிக் கேட்க ஆளில்லை. கூச்சல் பெருத்தால் குற்றவாளி அகப்படுவான் என்று எண்ணுவது ஏமாற்றம். கூச்சலின் நடுவே தப்புவதுதான் அவனுக்கு எளிது.

பாகவதருக்குப் பழைய நாட்கள் திரும்பவில்லை. படங்கள் வந்தன; பழைய வரவேற்பு வரவில்லை. 1959 நவம்பர் 1-ல், 49 வயதிலே மறைந்தார்.

கிருஷ்ணன் வேறு வழி கண்டார். அவர் உள்ளே இருந்தபோதே மதுரம் தளர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் துணைநிற்க நாடகக் குழு நடந்தது, 'பைத்தியக்காரன்' படமாயிற்று. விடுதலையாகி வந்தவர் அந்தப் படத்திலேயே தோன்றினார். அதே 1947-ல் கலைவாணர் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. 1949-ல் அண்ணா எழுத்திலே 'நல்லதம்பி' வந்தது. மதுவின் கேட்டைச் சொன்னது. படிப்பை நாடிப் பட்டணம் போன ஏழைச் சிறுவன் கிந்தனின் கதையைக் காலட்சேபமாகச் சொன்னது. 1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' என்று இயக்குநராகவும் உயர்ந்தார். இரண்டுக்கும் வசனம் கலைஞர் மு. கருணாநிதி.

ஆயுள் கைதியாக இருந்துவிட்டு வந்த மனிதர்! ஊரைப் பார்த்துச் சீறியிருக்கலாம். தம்மைப் பற்றிப் பேசிய வாய்களை நினைத்து மனம் கசந்திருக்கலாம். அவரோ, அதே மக்களைச் சிரிக்க வைக்கத் திரும்பி வந்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், கொடுத்துக் கொடுத்தே கை வறண்டார். 1957 ஆகஸ்ட் 30-ல் மறைந்தபோது வயது ஐம்பதுகூட நிறையவில்லை. 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரிலே அவர் சிலையை, உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்து திறந்து வைத்தார் முதலமைச்சர் அண்ணா. அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார்.

சிலை வைத்தோம், அரங்கத்துக்குப் பெயர் வைத்தோம். அது போதுமா? அன்று 'சினிமா தூது' வாங்கக் காசாவது வேண்டியிருந்தது, கடைவரை நடக்கவாவது வேண்டியிருந்தது. இன்று இரண்டும் வேண்டாம். விரல் அசைந்தால் போதும், ஒருவருடைய மானம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழி பாய்ந்து போகிறது. விடுதலைச் செய்தியோ நொண்டிக்கொண்டு வருகிறது. பழியைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் விடுதலையையும் பரப்புகிறார்கள்?

பிறருக்குப் பிறந்த வதந்தியை நம் வாசலிலே நிறுத்திவைக்க நமக்கு அதிகாரம் உண்டு. எழுதுகிறவனைத் திருத்த அரசு வேண்டும், சட்டம் வேண்டும். வாங்காமல் இருக்கவும், படித்ததை அடுத்தவனுக்குத் தள்ளாமல் இருக்கவும் எந்தச் சட்டமும் வேண்டாம். நெஞ்சிலே கொஞ்சம் நேர்மை இருந்தால் போதும். கலைவாணருக்கு நாம் பட்ட கடன் அந்த நேர்மைதான். சிலைக்கு மாலை போடும் கைகள் அதையும் செலுத்தட்டும்.