தமிழ்த் தாத்தாவின் குறிப்புகள்

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்குக் குறிப்பு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அக்காமார் அண்ணன்மார் கைமாற்றித் தரும் நகல் தாள்கள். அவற்றில் பாடலின் பொருள், அணி, நயம், மாதிரி விடை. பினாங்கில் நானும் அவற்றை வைத்துத்தான் படித்தேன். பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், குறிப்பு எழுதுவதற்கு இன்னொரு வழியும் உண்டு என்று அறிந்தேன்.

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயர் 19.2.1855-இல் பிறந்தார். 1871 முதல், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறையும் வரை அவரிடம் பாடம் கேட்டார். ஆசிரியர் வாய்மொழியாகச் செய்யுள் இயற்ற, அதை ஓலையில் எழுதும் பேறும் பெற்றார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அக்காலத் தமிழ்க் கல்வியில் அவர் முதல் மாணவர் என்றே சொல்லலாம்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஐயர் நீண்ட பட்டியலையே சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று மட்டும் கேட்டார். அவற்றை ஐயர் கண்ணாலும் கண்டதில்லை. பாடத்திட்டம் முழுவதையும் கற்றுத் தேர்ந்தவருக்கு வந்த உண்மையான தேர்வு அதுதான்.

முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தந்தார். படிக்கத் தொடங்கினால் சமண சமயச் சொற்கள் விளங்கவில்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். ஆனால் நூலின் பெயரைச் சொல்வதில்லை. ஐயர் விளங்காதவற்றைத் தாண்டிப் போகவில்லை. ஐயங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். மேற்கோள் அடிகளைத் தேடியபோது திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் சங்க நூல்களே கிடைத்தன. ஒவ்வொரு நூலிலும் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று அகராதி எழுதி வைத்துக்கொண்டார். பிரதிக்குப் பிரதி வேறுபடும் பாடங்களையும் குறித்தார்.

இந்தக் குறிப்புகளிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை வெளிவந்தன. நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி என்று அவர் சேர்த்த பகுதிகளே பின்னாளில் மாணவருக்குக் கைவிளக்காயின. 1937-இல் குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி வெளியிட்டபோது அவருக்கு வயது 82.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நம் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசினர். அந்தப் போரின் அச்சம் சென்னையையும் எட்டியது. மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். ஐயரும் திருக்கழுக்குன்றத்திற்குக் குடிபெயர்ந்து, 28.4.1942-இல் அங்கேயே காலமானார்.

நம் நகல் தாள்களில் விடைகள் இருக்கின்றன, கேள்விகள் இல்லை. அவற்றை மட்டும் மனனம் செய்தால் மூலநூலைத் திறக்காமலே தேர்ச்சி பெற்றுவிடலாம். அப்படித் தேர்ச்சி பெற்றவர்களே நாளை ஆசிரியர்களானால், அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பதும் நகலின் நகல்தான். தேர்வு எழுதவிருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் அது எந்தப் பாடலில் வருகிறது என்று எழுதுங்கள். புரியாத சொற்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். தேர்வு முடிந்த பின்னும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.