விமானியின் பெயரில் ஒரு விளையாட்டரங்கம்

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பாரிஸ் மாநகரில் உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் போட்டி ஒன்று தொடங்குகிறது. அதனைக் களிமண் தரைப் போட்டி என்பர். ஆனால் தரையின் மேலே மெல்லியதாகப் பரப்பப்பட்டிருப்பது செங்கற்பொடியே! நம் ஊர்ச் செங்கல் சூளைகளின் ஓரம் சிதறிக் கிடக்கும் செம்பொடியைப் போன்றதுதான் அது. அப்போட்டி நடைபெறும் அரங்கின் பெயர் ரோலண்ட் கரோஸ். அவர் பெரிய டென்னிஸ் வீரராக இருந்திருப்பார் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். இல்லை, தோழியரே! அவர் ஒரு விமானி.

இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அவர் பிறந்தார். கரும்புத் தோட்ட வேலைக்காக நம் தமிழ் மக்கள் பலர் கப்பலேறிச் சென்று குடியேறிய தீவு அது. சிறு வயதில் நுரையீரல் அழற்சி நோய் அவரை வாட்டியது. உடல் தேறுவதற்காக மிதிவண்டி ஓட்டத் தொடங்கியவர், பள்ளிகளுக்கு இடையிலான பந்தயத்தில் முதலிடமே பெற்றுவிட்டார்!

1909இல் ஒரு விமானக் கண்காட்சியைக் கண்டது முதல் அவர் உள்ளம் வானத்தையே நாடியது. 1913 செப்டம்பர் 23 அன்று பிரான்சின் தென்கரையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ எட்டு மணி நேரம் தனியே பறந்து, துனீசியாவில் இறங்கினார். மத்தியதரைக் கடலை இடையில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர் அவரே.

மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. மகிழ்ச்சிக்காகப் பறந்தவர் போருக்காகப் பறக்க நேர்ந்தது. 1915 ஏப்ரலில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஏறக்குறைய மூன்றாண்டுச் சிறைவாசத்தில் கண்பார்வை மங்கியது. 1918 பிப்ரவரியில் ஜெர்மன் அதிகாரியைப் போல் உடையணிந்து தப்பி, தாய்நாடு சேர்ந்தார். இனி ஓய்வு கொண்டிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? அவரோ எவரும் அறியாமல் மூக்குக்கண்ணாடி செய்துகொண்டு மீண்டும் விமானம் ஏறினார். அக்டோபர் 5ஆம் நாள் வான்போரில் உயிர் துறந்தார். மறுநாள் அவருக்கு முப்பதாவது பிறந்த நாள்! போர் முடிய ஆறு வாரங்கள்கூட இல்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. 1927இல் டேவிஸ் கோப்பையை வென்ற பிரான்சு, அடுத்த ஆண்டுப் போட்டிக்காகப் புதிய அரங்கம் கட்டியது. நிலம் தந்த விளையாட்டுக் கழகத்தின் தலைவர் எமில் லெசியர், கரோசுடன் கல்லூரியில் பயின்ற நண்பர். அரங்கத்துக்குத் தம் நண்பரின் பெயரையே சூட்ட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

அந்தச் செம்பொடித் தரையில்தான் 1997இல் நம் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானிய வீராங்கனை ரிக்கா ஹிராக்கியுடன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அன்று அவருக்குக் கிட்டியது.

கரோசின் இளம் உயிரைப் போர் பறித்தது. அவர் பெயரை நட்பு காத்தது. இன்று வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியை நாமும் அவ்வாறே என்றும் மறவாதிருப்போமாக!