மேலங்கியைத் துறந்த வழக்குரைஞர்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அருகே, பழவேற்காடு ஏரிப் பகுதியில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். இந்த ஏரியை நம்பி வாழும் மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பூசல் எழுந்தால் ஊர்க்கூட்டம் கூடிப் பேசும். அங்கே தீராதது நீதிமன்றம் வரை போனதும் உண்டு.

வழக்கும் வாதமும் தீர்ப்பும் இம்மக்களுக்குப் புதியவை அல்ல. ஆனால், ஊரைத் தாண்டிய மன்றங்களில் தங்கள் சொல் எடுபடுமா என்ற ஐயம் அவர்களை விட்டு அகன்றதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2023 செப்டம்பர் 5 அன்று நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. கருத்துச் சுதந்திரம் என்பது நகரத்து அறிவாளர்களின் பேசுபொருள் என்று நாம் கருதிக்கொண்டிருக்கிறோம். கரையோர ஊர்களிலோ அது பிழைப்பைத் தீர்மானிக்கும் உரிமை.

இதை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதற்காகச் சிறையும் சென்ற ஒருவர் இதே கடற்கரையின் தெற்கே பிறந்தார். அவர்தான் ம. சிங்காரவேலர். தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையாளர் என்று அவரைப் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அரசு, சட்டம், மதம் என்னும் மூன்று அதிகாரங்களோடும் வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் என்ற கோணத்திலும் அவரை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை மெரினா கடற்கரையை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தில், மீனவர் குடும்பத்தில், 1860 பிப்ரவரி 18 அன்று வெங்கடாசலம் - வள்ளியம்மை இணையருக்கு மகனாகப் பிறந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சட்டப் பட்டம் பெற்று 1907-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டபோது அவருக்கு வயது 47. மீனவக் குப்பத்துப் பிள்ளை ஒருவர் அன்றைய நீதிமன்றத்தில் கருப்பு அங்கி அணிந்து நிற்பது எளிதில் வாய்க்கும் பெருமை அன்று.

அதற்கு முன்பே அவருடைய தேடல் தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதரும் பேராசிரியர் லட்சுமி நரசுவும் பௌத்தத்தை மீட்டெடுக்க முனைந்திருந்தனர். அந்த முயற்சியில் சிங்காரவேலரும் இணைந்துகொண்டார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்காத, எதையும் ஆராய்ந்த பின்னரே ஏற்கச் சொல்லும் நெறியாக அவர் பௌத்தத்தைக் கண்டார். பின்னாளில் அதையும் கடந்து நாத்திகத்துக்கு வந்து சேர்ந்தார் என்றாலும், நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தும் பழக்கம் அந்த நாள்களிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1921-இல் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது, தமது வழக்குரைஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிட்டு எரித்துத் தொழிலைத் துறந்தார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். சேர்த்த செல்வத்தோடு ஓய்ந்திருக்க வேண்டிய பருவத்தில் அவருடைய பொதுவாழ்வு உச்சம் நோக்கிப் புறப்பட்டது. அங்கியை எரித்தவர் வாதத்தைக் கைவிடவில்லை. உயர்நீதிமன்றத்தில் நடத்திய வாதத்தை எதிரே இருந்த கடற்கரை மணலுக்குக் கொண்டுவந்தார்.

1922 ஜனவரியில் இளவரசர் வேல்ஸ் சென்னைக்கு வந்தபோது நடைபெற்ற முழு அடைப்பை முன்னின்று நடத்தியவர்களில் சிங்காரவேலரும் ஒருவர். அன்று நிகழ்ந்த வன்செயல்களைக் காந்தியடிகள் கண்டித்தார். அடுத்த மாதமே சௌரி சௌரா நிகழ்வை அடுத்து ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. காந்தியடிகளைத் தலைவராக ஏற்றுக்கொண்டிருந்த சிங்காரவேலர், அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதித் தமது மாறுபாட்டை வெளிப்படுத்தினார். நாடு விடுதலை பெற்றால் போதாது, உழவருக்கும் தொழிலாளருக்கும் அந்த விடுதலையில் என்ன பங்கு என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாதம். மரியாதை குறையாமல் மறுத்துப் பேசுவது என்ற அரிய பண்பு அக்கடிதத்தின் பின்னால் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், சித்தரஞ்சன் தாஸ் தலைமையில் கயாவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. செல்வந்தர்களும் வழக்குரைஞர்களும் நிறைந்திருந்த அந்த அவையில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு தொழிலாளர் தீர்மானத்தின்மீது பேசினார். ஆட்சியாளர் அச்சத்தோடு உச்சரித்த சொல்லைக் காங்கிரஸ் மேடையிலேயே சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அதைச் செவிமடுக்கும் பொறுமை அந்த அவைக்கும் இருந்தது. கட்சிக்குள் மாற்றுக் குரல் எழும்போதெல்லாம் ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டும் இன்றைய தலைமைகள் கயாவை ஒருமுறை நினைவுகூரலாம்.

1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே நாள் விழா சென்னையில் நடைபெற்றது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்களை ஏற்பாடு செய்தவர் சிங்காரவேலர். தொழிலாளர்க்கும் உழவர்க்கும் ஒரு கட்சியை அன்று அவர் தோற்றுவித்தார். தமிழில் 'தொழிலாளன்' என்ற இதழையும் ஆங்கிலத்தில் ஓர் இதழையும் நடத்தினார். வலை உலர்த்தும் மணல்வெளி அரசியல் விவாத மன்றமாக மாறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த மணல்வெளியின் இன்றைய நிலை என்ன? மெரினாவில் ஒருநாள் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் சங்கத் தலைவர் ஒருவருக்குத் தனி நீதிபதி அளித்த அனுமதியை, 2018-இல் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு நீக்கிவிட்டது. மக்கள் பொழுதுபோக்கும் இடத்தில் போராட்டம் கூடாது, அதற்கு வேறு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்ற அரசின் நிலைப்பாடு ஏற்கப்பட்டது. போக்குவரத்தையும் பொது அமைதியையும் பேண வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எவர் கண்ணிலும் படாத மூலையில் ஒதுக்கப்படும் உரிமைக்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

மே நாள் விழா நடந்து ஓராண்டு முடிவதற்குள், 1924-இல் கான்பூர் போல்ஷெவிக் சதி வழக்கில் சிங்காரவேலர் சேர்க்கப்பட்டார். பிரிட்டிஷ் மன்னரின் இறையாண்மையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆயுதக் குவியல் எதுவும் காட்டப்படவில்லை. வெளிநாட்டிலிருந்த எம்.என். ராயுடன் நடந்த கடிதப் போக்குவரத்தைக் காவல் துறை இடைமறித்துப் படித்து, அதையே முதன்மைச் சான்றாக முன்வைத்தது. முசாபர் அகமது, டாங்கே, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்த சிங்காரவேலர் பிணையில் விடப்பட்டார். அவர்மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. எந்த ஊரின் பெயரால் அவர்மீது சதி வழக்கு தொடரப்பட்டதோ அதே கான்பூரில், 1925 டிசம்பரில் நடைபெற்ற பொதுவுடைமையாளர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

1928-இல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்கும் திட்டமும் ஆட்குறைப்பும் தொழிலாளர்களைக் கொதிக்க வைத்திருந்தன. வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 68. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு 1930-இல் விடுதலையானார். சட்டத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் அறிந்தவரை அந்தச் சட்டமே கூண்டில் நிறுத்திய காலம் அது.

சிறையிலிருந்து வெளிவந்தவரின் அடுத்த களம் 'குடி அரசு' இதழ். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கி, கடவுள், பிரபஞ்சம், பரிணாமம், மூடநம்பிக்கை குறித்துத் தொடர்ந்து எழுதினார். ஆங்கிலம் அறிந்த சிலருக்கே எட்டியிருந்த டார்வினும் மார்க்ஸும் அவர் எழுத்தின் வழியாகச் சாதாரணத் தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்தார்கள். 1932 டிசம்பரில் ஈரோட்டில் வகுக்கப்பட்ட சமதர்மத் திட்டத்தின் ஊற்றுக்கண் அவரே.

இங்கேதான் மதமும் பேச்சுரிமையும் மோதும் இடம் வருகிறது. பிறருடைய மத உணர்வுகளைத் தீய எண்ணத்தோடு வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு, 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சிங்காரவேலர் எழுதிய காலம் அந்தச் சட்டத்தின் நிழலில்தான். அவர் எந்த ஒரு மதத்தையும் தனியே குறிவைக்கவில்லை; நம்பிக்கையாளரை இழிவுபடுத்துவதில் இன்பம் காணவும் இல்லை. ஒரு கருத்து எப்படித் தோன்றியது, யாருக்குப் பயன்படுகிறது, சோதனைக்கு நிற்குமா என்று அடுக்கடுக்காகக் கேட்பது அவர் முறை. பக்தரை அது வருத்தக்கூடும். ஆனால், வருத்தத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வள்ளலாரும் பேசியிருக்க முடியாது. சித்தர்களும் பாடியிருக்க முடியாது. ஒரு கருத்தை ஆராய்வதற்கும் ஒரு மக்கள்கூட்டத்தின்மீது வெறுப்பை ஏவிவிடுவதற்கும் இடையே கோடு போடுவதே சட்டத்தின் வேலை. அந்தக் கோடு மங்கும்போது, புண்பட்டோம் என்று உரக்கச் சொல்பவரின் கையில் சட்டம் கருவியாகிவிடுகிறது. அந்தக் கருவியை இன்று ஒரு தரப்பார் எடுத்தால், நாளை எதிர்த்தரப்பார் எடுப்பார்கள்.

1933 அக்டோபரில் 'குடி அரசு' வெளியிட்ட தலையங்கத்துக்காகப் பெரியார்மீதும் அவர் தங்கை கண்ணம்மாள்மீதும் ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது. இருவரும் சிறை சென்றனர். 1934-இல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழாக்கிய ஜீவானந்தமும் கைதானார். அடக்குமுறையில் இயக்கமே அழிந்துவிடக்கூடும் என்று கருதிய பெரியார், 1935-இல் சமதர்மப் பிரசாரத்தைக் கைவிட்டுச் சமுதாயச் சீர்திருத்தத்தில் கருத்தூன்ற முடிவு செய்தார். சிங்காரவேலர் அதை ஏற்கவில்லை. நீதிக்கட்சிக்கு ஆதரவு தருவதையும் அவர் எதிர்த்தார். 'புது உலகம்' என்ற இதழைத் தொடங்கித் தம் கருத்தைத் தொடர்ந்து எழுதினார்.

இந்தப் பிரிவில் பெரியாரின் கவலைக்கும் நியாயம் இருந்தது; சிங்காரவேலரின் உறுதிக்கும் நியாயம் இருந்தது. ஆனால், அந்தக் கருத்து வேறுபாட்டை உண்டாக்கியது எது என்பதை மறந்துவிடக் கூடாது. அடக்குமுறைச் சட்டம் ஓர் ஆசிரியரைச் சிறையில் அடைப்பதோடு நிற்பதில்லை. வெளியில் இருப்பவர்களையும் எதைப் பேசலாம், எதை விடலாம் என்று கணக்குப் பார்க்க வைக்கிறது. நேற்றுவரை ஒரே மேடையில் நின்றவர்களைப் பிரிக்கிறது. தண்டனைக் கணக்கில் வராத இந்த இழப்பே பெரிது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1945-இல், எண்பத்தைந்து வயதில், சென்னை அச்சகத் தொழிலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. எந்த அரசு அலுவலகங்களுக்கு எதிராக அவர் முழங்கினாரோ, அதே வரிசையில் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயர் வாய்த்தது காலத்தின் கணக்கு.

அவர் மறைந்து நான்காண்டுகளில் நாடு குடியரசாகி, அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையை அடிப்படை உரிமையாக்கியது. அந்த உரிமையை உரசிப் பார்த்த முதல் பெரிய வழக்குகளில் இரண்டு சென்னை அரசுக்கு எதிரானவை. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைய விதிக்கப்பட்ட தடையை 1950 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் நீக்கியது. மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டவிரோத அமைப்பாக அறிவித்ததற்கு எதிராக வழக்குரைஞர் வி.ஜி. ராவ் தொடுத்த வழக்கிலும் 1952-இல் அரசு தோற்றது. ஆனால், முதல் தீர்ப்பு வந்த மறு ஆண்டே, 1951-இல், முதலாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் பேச்சுரிமைக்கான வரம்புகள் விரிக்கப்பட்டன. ராஜத்துரோகச் சட்டத்தை 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தச் சொல் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஊறு விளைவிக்கும் பேச்சையும் எழுத்தையும் தண்டிக்கும் 152-ஆவது பிரிவு இருக்கிறது. ஆட்சிகள் மாறின, சட்டங்களின் எண்களும் மாறின. விமர்சனத்தைப் பகையாகக் காணும் மனநிலை மாறியதா என்பதே கேள்வி.

சிங்காரவேலரின் வாழ்க்கை இதற்கு ஒரு விடையைத் தருகிறது. அவர் அயலாரின் ஆட்சியோடு மட்டும் வாதாடவில்லை. தாம் மதித்த காந்தியடிகளோடும், தம்மைத் தாங்கிய காங்கிரஸோடும், தம் தோழரான பெரியாரோடும் வாதாடினார். எதிரியை எதிர்த்துப் பேசும் உரிமையை எல்லாரும் கேட்கிறார்கள். நம்மவரை மறுத்துப் பேசும் உரிமையை நமக்குள் வழங்கிக்கொள்கிறோமா என்பதில்தான் ஜனநாயகத்தின் உரம் இருக்கிறது. பழவேற்காட்டு ஊர்க்கூட்டங்களுக்கும் இது பொருந்தும். மணமான ஆண்களுக்கே பாட்டில் பங்கு என்னும் வழக்கம் நிலவும் இடத்தில், பெண்களின் குரலுக்கு என்ன இடம் என்று உள்ளிருந்தே கேட்பவர்கள் வேண்டும்.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்துகள் மாறுபடலாம். வேலைவாய்ப்பை எதிர்நோக்கும் இளைஞரும், ஏரியின் முகத்துவாரம் என்னவாகுமோ என்று அஞ்சும் முதியவரும் ஒரே ஊரில் இருக்கலாம். இருவரும் அச்சமின்றி எழுந்து, தம் மொழியில், தம் சொற்களில் பேச வேண்டும். அது பதிவாக வேண்டும். அதற்கு அரசிடமிருந்து காரணத்தோடு மறுமொழி வர வேண்டும். கடற்கரை மணலில் தொழிலாளரைக் கூட்டிவைத்து அந்தக் குப்பத்து வழக்குரைஞர் வாதாடியது இதற்காகத்தான். அவர் பெயரைக் கட்டடங்களுக்குச் சூட்டிவிட்ட நாம், அவர் கேட்ட உரிமையையும் கடைக்கோடி மீனவ ஊர்வரை கொண்டுசேர்ப்பதே அவருக்குச் செலுத்தும் முறையான மரியாதையாக இருக்கும்.