விளக்கை அடுத்தவர் கையில் கொடுத்த அம்மையார்



போன வருஷம் எங்க ஊர்க் கூட்டத்தில் ஓ.ஆர்.எஸ். பவுடரைப் பற்றி நான் மைக்கில் பேசினேன். எல்லாரும் தலையாட்டினாங்க. மறுவாரம் ஒரு வீட்டுக்குப் போனால், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய பாக்கெட்டை அந்த அக்கா ஒரு டம்ளரில் கரைத்துக்கொண்டிருந்தாங்க. தப்பு அவங்க மேல இல்லை. நான் பேசினேனே தவிர, கற்றுக்கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மலருக்கு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன்.

1820 மே 12 அன்று இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலைக்கு அன்று மரியாதை கிடையாது. வீட்டில் ஒரே எதிர்ப்பு. பல வருஷம் போராடி, ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1854-இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு துருக்கியில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பள்ளியில் படித்தது அந்தக் கதைதான்.

அவருக்கு நன்றியாக மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இங்கே படித்தவர்கள் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மற்றவர்களைப் பழக்க வேண்டும் என்பதே நோக்கம். 1868-இல் லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்ஸ்களோடு ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கே போனார்.

ஆனால் அம்மையார் உடம்பு முடியாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர். பள்ளியை நடத்தியது மற்றவர்கள். பத்து வருஷம் கழித்து நன்றாக விசாரித்தபோது அதிர்ந்துபோனார். பாடம் எடுக்க வேண்டிய டாக்டர் சரியாக எடுக்கவில்லை. வார்டு சிஸ்டர்களுக்கு வேலை தெரியும், சொல்லித்தர நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. படிக்க வந்த பெண்கள் வேலையாட்களாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தன் பெயரில் நடக்கும் பள்ளியாச்சே என்று அவர் மூடி மறைக்கவில்லை. டாக்டரை மாற்றினார். மாணவிகளோடு தங்கி, பாடத்தைத் திரும்பச் சொல்லித்தர ஒரு சிஸ்டரை நியமித்தார்கள். பெண்களை ஒவ்வொருவராகத் தன் வீட்டுக்கு அழைத்து, என்ன கற்றாய், யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1872 முதல் மாணவிகளுக்குக் கடிதமும் எழுதினார்.

எழுபது வயதைத் தாண்டியும் விடவில்லை. 1892-இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களுக்காக, பெண்களைச் சுகாதார ஆசிரியைகளாகப் பயிற்றும் ஏற்பாட்டுக்குத் துணை நின்றார். ஒரு டாக்டர் அவர்களுக்குப் பாடம் நடத்தி, கிராம வீடுகளுக்கும் கூட்டிப்போனார். கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது. தாயின் வீட்டுக்குள் போய், அதிகாரம் பண்ணாமல், சிநேகிதியாக இருந்து செய்து காட்ட வேண்டும் என்பது அம்மையாரின் உறுதி. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் நம் நாட்டுக் கிராமச் சுகாதாரத்துக்காகவும் எழுதிக்கொண்டே இருந்தார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90 வயதில் காலமானார்.

இப்போது நான் ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்லப் போனால் மைக்கைத் தேடுவதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலோடு போகிறேன். நான் ஒருமுறை கலக்கிக் காட்டுவேன். அடுத்தது அந்த வீட்டு அக்கா கலக்கணும். அவங்க சரியாகக் கலக்கினால்தான் நான் கற்றுக்கொடுத்ததாகக் கணக்கு.