திண்டிவனத்தில் ஒரு ராத்திரி



வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி தெரியாதவங்க நம்ம ஊரில் இருக்க மாட்டாங்க. யாருக்காவது பெரிய நோய் என்றால் வேலூருக்குக் கூட்டிப் போங்க என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி பிறக்கக் காரணமான சம்பவம் வேலூரில் நடக்கவில்லை. ஓமந்தூரிலிருந்து பஸ் ஏறினால் வருமே, அந்தத் திண்டிவனத்தில்தான் நடந்தது. அதைப் பார்த்தவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். அப்போது அவர் டாக்டர் இல்லை, டாக்டர் ஆகவும் விருப்பம் இல்லை.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கட்டர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பக்கம் வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் மிஷன் டாக்டர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் குழந்தைகள் பசியில் சாவதை ஐடா சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார். அந்தப் பயமோ என்னவோ, அமெரிக்கா போய் பள்ளிப்படிப்பு முடித்ததும் அங்கேயே இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அம்மா தேறியதும் கப்பல் ஏறிவிட வேண்டும் என்பது திட்டம்.

அப்போதுதான் அந்த ராத்திரி வந்தது. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவி பிரசவத்தில் கஷ்டப்படுகிறாள், நீங்க வரணும் என்று ஐடாவைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பா நல்ல டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆம்பளை டாக்டரை உள்ளே விட முடியாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே போனார். ஐடா தூங்கவே இல்லை. விடிந்ததும் தெருவில் பறைச்சத்தம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பேரும் இறந்துபோயிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அறிவியல் பாடத்துக்குப் போவோம். இதயம் நாலு அறை, ஆரிக்கிள் ரெண்டு, வெண்ட்ரிக்கிள் ரெண்டு என்று எல்லாரும் படம் போட்டிருக்கிறோம். நம்ம கைமுஷ்டி அளவுதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடும். இதெல்லாம் பரிட்சைக்கு. பரிட்சைக்கு வராத ஒன்று இருக்கிறது. ஒரு அம்மா கர்ப்பமாக இருக்கும்போது அந்த ரத்தம் ஏறத்தாழ பாதி அளவு கூடிவிடுகிறது! அதே கைமுஷ்டி அளவு இதயம்தான் அவ்வளவையும் தள்ள வேண்டும். நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்கே போகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்தவுடன் கருப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். இறுகாவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். இன்னொரு ஆபத்து ரத்த அழுத்தம். கர்ப்பிணிக்கு 140/90-க்கு மேல் போனால் உஷாராகணும். கால் மட்டும் இல்லாமல் முகமும் கையும் வீங்கும், தலைவலி மண்டையைப் பிளக்கும், கண் மங்கும், கடைசியில் ஜன்னி கண்டுவிடும். தாய்மார்களைக் கொல்வதில் ரத்தப்போக்கும் இந்த அழுத்தமும்தான் உலகம் முழுக்க முன்னால் நிற்கின்றன.

உள்ளதைச் சொல்லணும் என்றால், அன்றைக்கு ஐடாவின் அப்பாவை உள்ளே விட்டிருந்தாலும் மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி கண்டுபிடித்தது 1896-ல். ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது அதற்கும் பிறகு. ஆனாலும் வாசல் வரை வைத்தியம் வந்து நின்றும் உள்ளே போக முடியவில்லையே, அதுதான் ஐடாவை உலுக்கியது. காலையிலேயே அப்பா அம்மாவிடம் போய், நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பும்போது சும்மா வரவில்லை. ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் இறந்த தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு வந்தார். 1900-ல் வேலூரில் வீட்டிலேயே வைத்தியம் ஆரம்பித்தார். அதே வருஷம் அப்பா இறந்துவிட்டார். கூட்டம் சேர நாளானது. புது டாக்டர், அதுவும் பெண், ஜனங்க நம்பணுமே! 1902-ல் 40 படுக்கையுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காக வாரா வாரம் கிராமத்துச் சாலைகளில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். பிறகு ஒரு பியூஜோ மோட்டார் வண்டி வந்தது. முதல் தடவை அதைப் பார்த்துப் பேய் வருகிறது என்று ஓடினவர்களும் உண்டாம்.

ஒரு டாக்டரம்மா எத்தனை வீட்டு வாசலுக்குத்தான் போக முடியும்? அதனால் 1918-ல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். வந்த விண்ணப்பம் 151! முதல் வருஷப் பரிட்சை எழுதிய பெண்கள் எல்லாரும் பாஸ். (மாணவர்கள் கவனிக்கவும்.) 1928-ல் காந்தியடிகள் அந்தப் பள்ளியைப் பார்க்க வந்தார். 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆனது, 1947-ல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது.

இனி இதய விஷயம். 1949-ல் டாக்டர் ரீவ் பெட்ஸ் என்பவர் வேலூரில் நெஞ்சு அறுவைசிகிச்சைப் பிரிவை ஆரம்பித்தார். இந்தியாவில் அதுதான் முதல். டாக்டர் கமலா வைத்திலிங்கம் என்ற அம்மையார் இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். அப்போது அங்கே நிறைய வந்தது வால்வு நோய். இது நம்ம வயசுப் பிள்ளைகளுக்கு வருவது, அதனால் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி, காய்ச்சல் வரும், தானாகச் சரியாகும். சிலருக்கு மட்டும் ரெண்டு மூணு வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி மூட்டு வீங்கும். அதுவும் போய்விடும். ஆனால் போகும்போது இதய வால்வைக் கடித்துவிட்டுப் போகும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். பல வருஷத்தில் வால்வு தடித்துச் சுருங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, கர்ப்பமாகி, ரத்தம் கூடும்போதுதான் மூச்சு வாங்கும், படுக்க முடியாது. திண்டிவனத்தில் கதவுக்கு உள்ளே இருந்த மாதிரி ஒரு பெண்ணுக்கு அப்போது இதய டாக்டரும் சேர்ந்து தேவைப்படுகிறார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் விடாமல் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். ஊசிக்குப் பயந்து நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1946-ல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் இருந்தார். 1960 மே மாதம் 89 வயதில் அங்கேயே காலமானார். அடுத்த ஓரிரு வருஷங்களில், இதயத்தைத் திறந்து அறுவைசிகிச்சை செய்த இந்தியாவின் முதல் சில ஆஸ்பத்திரிகளில் ஒன்றாக வேலூரும் சேர்ந்தது.

பக்கத்தில் உள்ள இதயப் படத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருப்பது ஈரிதழ் வால்வு. மூட்டுக் காய்ச்சல் அதிகம் கெடுப்பது அதைத்தான்.